இருட்டாற்றின் இரண்டு கதவுகள்

“இந்தப் படகு முழுகுமா?” என்று கேட்டாள் சோலோமியா.

“நீ ஏறினப்புறம்தான் சொல்ல முடியும்,” என்றார் லூக்கியான் யூஹிமோவிச்.

சோலோமியா ஏறினாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, நிமிர்ந்துகொண்டது. பின்முனையில் சுருட்டி வைத்திருந்த தடித்த கயிற்றின் மேல் அவள் சாவகாசமாக உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை எடுத்தாள்.

“ஆகா! இந்த அரசாங்கம் எனக்குக் குடுத்த மொத மெத்தை.”

யூஹிமோவிச் ஒருகாலத்தில் காவல்துறைப் புலனாய்வாளர். சோவியத் யூனியன் உடைந்தபோது அவர் வேலையும் உடைந்தது. செருப்புத் தைக்கும் கூண்டு ஒன்றைப் பிடித்து, ‘தனியார் துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டினார். பழைய பலகையைக் கழற்றாததால் இன்றைக்கும் குதிகால் மாற்ற ஆள் வருகிறது. அவருக்கு உதவியாளான சோலோமியா டிராமில் கண்டக்டராக இருந்தவள். சீட்டு வாங்காதவனை அவன் முதுகை வைத்தே கண்டுபிடிப்பாள்.

மூன்றாவதாக ஏறியவர் முனைவர் வலேரியான் ஸெனோனோவிச், தெக்லிவ்கா பூங்காவின் வரலாற்று அறிஞர். வெளியே ஏப்ரல் வெயில். அவரோ நரித்தோல் காலர் வைத்த குளிர்காலக் கோட்டில் இருந்தார். கையில் பெரிய தோல்பை. பூங்காவில் எந்தக் கல்லில் பலகை இருந்தாலும் அதில் அவர் எழுதிய வாசகம் இருக்கும். வாசகத்தைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர் இருக்கும்.

“அம்மணி, தாங்கள் முன்னால் அமர்ந்தால் நலம். பின்முனையில் நின்று நானே கழியால் உந்துவேன்.”

“நீங்களா? பேனாவத் தவிர எதையாச்சும் தூக்கிப் பழக்கம் உண்டா?”

“வரலாறு அழைக்கும்போது அறிஞனும் கழியேந்துவான்.”

முன்பலகையில் தன் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். டிராம் வாழ்க்கை முழுக்க அப்படியொரு மரியாதையைக் கண்டிராத சோலோமியா, மனசில்லாமல் மெத்தையை விட்டு எழுந்து முன்னால் போனாள்.

படகோட்டி பனாஸ் கரையிலிருந்து சக்கரத்தைச் சுற்றினான். சுரங்க வாயிலின் ஓக் மரக் கதவு முனகிக்கொண்டு மேலே ஏறியது. அதன் அடியில், சுவர்த்துளையில் ஓர் இரும்பு முளையைச் செருகிக் கதவை அதன் மேல் உட்கார வைத்தான்.

“நீங்க உள்ள போங்க. நான் குறுக்கால நடந்து வந்து அந்தக் கோடியில கீழ்க்கதவத் தொறந்து விடறேன்,” என்றான். பிறகு தாழ்ந்த குரலில், “யூஹிமோவிச், உங்களத்தான் நம்பியிருக்கேன்,” என்றான்.

அவன் கதை சுருக்கமானது. ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் வரும் போக்ரோவா பண்டிகை கழிந்ததும், பனியில் வெடிக்காமலிருக்கப் பூங்காவின் பளிங்குச் சிலைகளைப் பலகைப் பெட்டி அடித்து மூடுவார்கள். வசந்தத்தில் பிரிப்பார்கள். இந்த வசந்தத்தில் சீமாட்டி தெக்லாவின் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே கொஞ்சம் சருகும் ஒரு எலிக்கூடும் இருந்தன. இருநூறு வருஷத்துக்கு முன் பூங்காவையே அவள் பேரில் அமைத்த பிரபு, விளக்கேந்திய கையோடு அவளைச் செதுக்கி நிறுத்தியிருந்தார். உயிரோடு இருந்தவரை அவரை விட்டுப் போகாத சீமாட்டி, சிலையான பிறகு போய்விட்டாள்.

சிலை நிலத்தடி ஆற்றின் வழியாகப் படகில்தான் வெளியேறியது என்று தீர்ப்பு எழுதியவர் முனைவர். படகும் கதவும் பனாஸ் பொறுப்பு. அந்த வழியைக் காட்டத்தான் முனைவர் இவர்களோடு படகேறியிருந்தார். இன்று துணை அமைச்சர் வருகிறார். அவரிடம் காட்டச் சிலை இல்லாவிட்டால் ஒரு திருடனாவது வேண்டுமென்று பூங்கா இயக்குநர் துடித்தார். இன்றைக்குள் சிலை கிடைக்கவில்லையென்றால் பனாஸ் கையில் விலங்கு. காலையில் அவன் மனைவி மோத்ரியா ஒரு பானை வரேனிகிக் கொழுக்கட்டையோடு துப்பறியும் கூண்டுக்கு வந்து, பானையை வைத்துவிட்டு அழுதாள். முதலில் மனசு இளகியது சோலோமியாவுக்கு. இரண்டாவதாக அவள் வயிற்றுக்கு.

படகு கதவடியில் கொஞ்சம் தடுமாறி நின்றது. முனைவர் குனிந்தார், சுவரைப் பிடித்தார், “மன்னிக்க வேண்டும், பழக்கமில்லை,” என்றார். பிறகு படகு நகர்ந்தது. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சிறுத்தது. முன்முனை லாந்தர், இரு பக்கமும் வழுக்கும் கருங்கல் சுவர், தலைக்கு மேல் தொட்டுவிடும் தூரத்தில் வளைந்த கூரை.

திடீரென்று படகு எதிலோ மாட்டியதுபோல ஒரு இழுப்பு இழுத்து விட்டுக்கொடுத்தது.

அடுத்த நொடி இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். படகு எகிறியது. திரும்பிப் பார்த்தார்கள். வெளிச்சத்தைக் காணோம். அவர்கள் நுழைந்த மேல்கதவு விழுந்திருந்தது.

“பனாஸ்!” என்று கத்தினார் முனைவர். “பனாஸ் நம்மை அடைத்துவிட்டான்!”

அவர் மட்டும் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். அதை யூஹிமோவிச் கவனித்தார்.

கீழ்க்கதவுவரை போனார்கள். மூடியிருந்தது. யூஹிமோவிச் கழியால் இடித்தார், சோலோமியா காலால் உதைத்தாள், முனைவர் “யாரங்கே!” என்று நாடகத்து ராஜாபோல் கூவினார். ஓக் பலகை மூன்று பேரையும் சமமாக மதித்தது.

“அடியில நீந்திப் போக முடியுமா?” என்று யூஹிமோவிச் தண்ணீரில் கையை விட்டார். உடனே எடுத்துக்கொண்டார். விரல்கள் தன்னுடையவைதானா என்று பார்க்கவேண்டியிருந்தது.

“கதவு தரைவரைக்கும் போகுது. காலையில பனாஸ் சொன்னான்,” என்றாள் சோலோமியா.

“ரெண்டாவது தடவ சொல்லவேண்டியது இல்ல,” என்று யூஹிமோவிச் கையைத் துடைத்தார்.

திரும்பச் சுரங்கத்தின் நடுப்பகுதிக்கு வந்தார்கள். அங்கே மட்டும் கூரையில் குடம் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே சாம்பல் நிற வெளிச்சமும் இசையும் வந்தன. மேலே பித்தளை வாத்தியக் குழு வரவேற்பு அணிவகுப்பு இசையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. எல்லா வாத்தியமும் முடித்த பிறகு பெரிய கொம்பு மட்டும் தனியாக ஒருமுறை ‘பூம்’ என்றது. உடனே முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சோலோமியா ஓட்டைக்கு நேராக நின்று டிராம் குரலில் கத்தினாள். அந்தக் குரலுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கவேண்டியவன்கூட இறங்கிவிடுவான். மேலிருந்து பதில் வந்தது: பூம்.

“வீண் முயற்சி, அம்மணி,” என்றார் முனைவர். “துணை அமைச்சர் வந்ததும் படகுச் சவாரி உண்டு. அப்போது கதவு திறக்கப்படும். அதுவரை பொறுமையே அறம்.”

தோல்பையைத் திறந்து வெந்நீர்க் குடுவையை எடுத்தார். தேநீர். பிறகு ஒரு பொட்டலம். கறுப்பு ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வெள்ளைப்பூண்டு. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரே ஒரு கோப்பையில் ஊற்றிக் குடித்தார்.

சோலோமியாவின் பற்கள் தந்தியடித்தன. “பாருங்க யூஹிமோவிச். சும்மா ஒரு எட்டு உள்ள போய்ட்டு வரலாம்னு நாம மெல்லிசுத் துணியோட வந்தோம். இவரு வட துருவத்துக்குப் பொறப்பட்டு வந்திருக்காரு.”

“அறிஞனுக்குத் தொண்டை முக்கியம். இன்று நான் உரையாற்றவேண்டும்.” பையிலிருந்து கனத்த காகிதக் கட்டை எடுத்துத் தடவிக் கொடுத்தார். “‘தெக்லிவ்கா: ஒரு நாகரிகத்தின் நாடித்துடிப்பு.’ இரண்டு மணி நேர உரை.”

“மேல இருக்கறவங்கதான் பாவம். நாம தப்பிச்சோம்,” என்றாள் சோலோமியா.

பூம்.

குளிர் கல்லிலிருந்து இறங்கி எலும்புக்குள் குடியேறியது. கூரை ஒவ்வொரு நிமிஷமும் ஒரு விரல் தாழ்வதுபோல் இருந்தது. வெளியே எங்கேயோ ஒரு போலீஸ்காரர் பனாஸைத் தேடிக்கொண்டிருப்பார். மூன்று பேரை அடைத்துவிட்டு ஓடியவன் என்ற புதுக் குற்றமும் அவன் கணக்கில் ஏறியிருக்கும். யூஹிமோவிச் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் பூங்காவில் கண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

காலையில் கண்டது ஒரே ஒரு பொருள்தான். சுண்ணாம்பு. எங்கள் நாட்டில் ஈஸ்டர் வந்தாலும் சுண்ணாம்பு, மேலதிகாரி வந்தாலும் சுண்ணாம்பு. இரண்டும் சேர்ந்து வந்துவிட்டதால் தெக்லிவ்காவில் மரத்தண்டு, நடைபாதைக் கல், பெஞ்சுக் கால், குப்பைத்தொட்டி, வேகமாக ஓடத் தெரியாத ஒரு பூனை எல்லாம் வெள்ளை. பின்வாசல் பாதையில் ஒரு லாரி நின்றது. கழுத்தில் துண்டு, கையில் ஊதுகொம்பு, படகுத் துடுப்பு என்று பழைய ஆட்சிக்காலத்துக் கட்சிச் சிறுவர் படையின் பிளாஸ்டர் சிலைப் பிள்ளைகளைக் குப்பைமேட்டுக்கு அனுப்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செருப்புக்குள் புகுந்த கல்லை எடுக்கச் சோலோமியா அதில் ஒரு பிள்ளையின் இடுப்பில் கை ஊன்றி, “அம்மாடி, ஐஸ்கட்டி!” என்று துள்ளினாள். அந்தக் கையைக் கோட்டில் துடைத்ததால் கோட்டும் வெள்ளை.

“யூஹிமோவிச், பின்னால போய் என் மெத்தையில உக்காந்துக்கறேன். இந்தக் கைக்குட்டை வழியா நரகம் ஏறுது,” என்று சோலோமியா தவழ்ந்து பின்முனைக்குப் போனாள். இருட்டில் தடவினாள். மறுபடி தடவினாள்.

“என் மெத்தைய எங்க?”

“எந்த மெத்தை?” என்றார் முனைவர், ரொட்டியை மென்றுகொண்டே.

“கயிறுய்யா! என் இடுப்பத் தாங்கற அளவு கயிறு. நான் எந்திரிக்கும்போது இருந்துது.”

யூஹிமோவிச் கண்ணைத் திறந்தார். லாந்தரை எடுத்துப் பின்முனைக்குக் காட்டினார். வெறும் பலகை.

“முனைவரே, கொஞ்ச நேரம் முன்ன படகு ஒரு இழுப்பு இழுத்துதே, ஞாபகம் இருக்கா?”

“பாறையில் உரசியிருக்கலாம்.”

“பாறை இழுக்காது, இடிக்கும். கயிறுதான் இழுக்கும். கதவடியில குனிஞ்சப்போ நீங்க கட்டினது ஒரு நுனி முளையில, இன்னொரு நுனி படகுல. நீங்களே படகத் தள்ளினீங்க. முளை பிடுங்கிக்கிச்சு, கதவு விழுந்துது, நீங்க இந்த நுனியத் தண்ணியில விட்டுட்டீங்க. அதுக்குத்தான் இவள எழுப்பிக் கைக்குட்டை விரிச்சீங்க.”

“அடப்பாவி,” என்றாள் சோலோமியா. “நான் அத மரியாதைன்னுல்ல நெனச்சேன்!”

முனைவர் குடுவையை மூடினார். பதற்றமே இல்லை. “அபாரமான கற்பனை. என்னை நானே அடைத்துக்கொள்வதில் எனக்கென்ன லாபம்?”

“கூட அடைபட்டவன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பழி பனாஸ் தலையில. அதுக்கும் மேல, நாங்க ரெண்டு பேரும் ஒரு நேரம்வரைக்கும் வெளிய இருக்கக்கூடாது.” யூஹிமோவிச் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நான் ஒரு கழுதை! காலையில கண் முன்னால நின்னுது. சோலோமியா, குப்பைக்குப் போற சாமானுக்கு யாராச்சும் புதுசா சுண்ணாம்பு அடிப்பாங்களா?”

அவள் விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

“நாம எல்லாத்துக்கும் அடிப்போம். அதனாலதான் எவன் கண்ணுக்கும் படல,” என்றார். “உன் கைக்கு ஐஸ்கட்டி மாதிரி இருந்துதே, அது பிளாஸ்டரா?”

“பளிங்கு!” சோலோமியா தன் கோட்டிலிருந்த வெள்ளைக் கையடையாளத்தைப் பார்த்தாள். “ஏத்தறவன்கூட அந்தப் பொண்ணப் பாத்து, ‘இவ மட்டும் என்னத்தத் தின்னா’ன்னு திட்டினான். விளக்கு புடிச்ச கையில ஊதுகொம்ப ஒட்டிட்டாங்க, கழுத்துல துண்டு... ஐயோ, சீமாட்டியக் கட்சியில சேத்துட்டீங்களேய்யா!”

இதுவரை உரையாற்றிக்கொண்டிருந்த முனைவர் முதல்முறையாகச் சிரித்தார். இருட்டில் அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

“தலைநகர் அருகே ஒரு புது மாளிகை. அதன் சொந்தக்காரருக்குப் பழமையில் நாட்டம். இங்கே அவளைப் பார்க்க வருபவன் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு விரலை அவள் பாதத்தில் துடைக்கிறான். நான் அவளை மீட்டேன்.” காதை மேலே சாய்த்தார். “கேட்கிறதா? பின்வாசல் பாதையில் நின்றுதான் ஒத்திகை. அதனால் லாரி நகரவில்லை. இசை நின்றால், குழு முன்வாசலுக்குப் போகிறது என்று பொருள். பாதை காலியாகும். லாரி கிளம்பும். பிறகு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், கேட்க ஆளிருக்காது. அமைச்சர் வந்து திறக்கும்போது என்னிடம் ஒரு முனைவர் பட்டமும், உங்களிடம் ஒரு செருப்புக் கடையும் இருக்கும். யார் பேச்சை நம்புவார்கள்?”

பூம்.

அதுவரை அந்தக் கொம்புக்காரனைச் சபித்த சோலோமியா, “நல்லா இரு ராசா, இன்னும் ஒரு தடவ தப்பா ஊது,” என்று வேண்டிக்கொண்டாள்.

யூஹிமோவிச் ஓட்டையைப் பார்த்தார். கருங்கல் வளையம், அதன் மேல் உள்புறம் குழிந்த வெண்கல், அதன் விளிம்பில் செதுக்கிய இலைகள்.

“இந்த ஓட்டைக்கு மேல என்ன இருக்கு?”

சோலோமியா கழுத்தை வளைத்துப் பார்த்தாள்.

“இலை போட்ட ஜாடி... பார்க்குல பிரபுவோட இதயத்த வச்சதாச் சொல்ற தாழி! ‘மாபெரும் காதலனின் இதயம் இங்கே அணையாது எரிகிறது’ன்னு பலகை வச்சிருக்கே! யாரு எழுதினது? ஓஹோ. முனைவரே, இதயம்னு எழுதிட்டீங்க, இது சுரங்கத்தோட மூக்கு!”

“மூக்குன்னா மூச்சு விடும்,” என்றார் யூஹிமோவிச். “புகையும் விடும். அந்த வாளிய எடு.”

படகில் தண்ணீர் இறைக்கும் தகரவாளி கிடந்தது. எரிக்கும் பொருளுக்குத்தான் பஞ்சம். இருவரும் ஒரே நேரத்தில் காகிதக் கட்டைப் பார்த்தார்கள்.

“கூடாது!” முனைவர் அதை மார்போடு அணைத்தார். “இதற்கு வேறு பிரதி இல்லை!”

“நல்லதாப் போச்சு,” என்றாள் சோலோமியா. டிராம் கூட்டத்தில் ஆளை விலக்கிய தோள் அது. முனைவர் முன்பலகையில் தன் கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்தார். ஒரு நாகரிகத்தின் நாடித்துடிப்பு வாளிக்குள் போனது.

லாந்தர் தீயை வைத்தார் யூஹிமோவிச். உரை நன்றாக எரிந்தது. அதிகம் நன்றாக எரிந்தது, புகையே வரவில்லை.

“வெறும் காத்துதான் உள்ள இருந்துருக்கு,” என்றாள் சோலோமியா. ஈர விதைத்தோலைக் கொட்டினாள். கொஞ்சம் புகை. பிறகு முனைவரின் கழுத்திலிருந்து நரித்தோல் காலரைப் பிய்த்துப் போட்டாள்.

நரி கைகொடுத்தது. மஞ்சளும் கறுப்புமாக, நாற்றத்தோடு, தூண்போலப் புகை எழும்பியது. பாதி ஓட்டைக்குப் போயிற்று. பாதி அவர்கள் மூக்கிற்கு வந்தது. மூன்று பேரும் படகின் அடியில் முகம் புதைத்து இருமினார்கள். கண்ணில் நீர், நெஞ்சில் முள். சுவர் எது கூரை எதுவென்று தெரியவில்லை. ‘கடைசியில் நரி வாசனையிலா சாகவேண்டும்’ என்று யூஹிமோவிச் நினைத்த நேரத்தில், மேலே இசை பாதியில் அறுந்தது.

பூம் வரவில்லை.

“போச்சு,” என்று முனகினாள் சோலோமியா. “லாரி...”

பிறகு ஓட்டை வழியே ஒரு மனிதக் குரல் விழுந்தது. பெரிய கொம்புக்காரனுடையதாக இருக்கவேண்டும். அதே தாமதம், அதே கனம்.

“ஆண்டவரே! பிரபுவோட இதயம் நெசமாவே எரியுதுடோய்!”

காலடிகள். விசில். துணை அமைச்சர் வருகைக்காகக் காலையிலிருந்து பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்த தீயணைப்பு வண்டியின் மணி. எங்கள் தீயணைப்புக்காரர்களுக்கு அமைச்சர் முன்னால் ஒரு தீ கிடைப்பது பெரிய வரம். வண்டி பின்வாசல் பாதையில் குறுக்கே வந்து நிற்பது இங்கேவரை கேட்டது. அடுத்து, குடம் அளவு ஓட்டை வழியே குழாய்த் தண்ணீர் முழு வேகத்தில் இறங்கியது. நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் முனைவர்.

“யோவ்! நிறுத்துங்கய்யா! ஆளு இருக்குய்யா உள்ள! செத்துருவேன்யா!”

“ஆகா,” என்றாள் சோலோமியா. “இப்பத்தான் நம்ம பாஷை வருது.”

மேல்கதவு முனகிக்கொண்டு ஏறியது. வெளிச்சத்தில் சக்கரத்தைப் பிடித்தபடி பனாஸ் நின்றான். கீழ்க்கதவைத் திறக்கப் போன வழியில், படித்துறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி இயக்குநர் அவனைப் பிடித்துக்கொண்டாராம். முனைவர் காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்த யோசனை அது. பனாஸின் ஒரு கையில் இன்னும் சுண்ணாம்பு மட்டை. மறு பக்கத்தில் போலீஸ் கேப்டன், விலங்கோடு.

பனாஸ் கொக்கிக்கழியால் தண்ணீரைத் துழாவிக் கயிற்றை இழுத்தான். அதன் நுனியில் இரும்பு முளை. சோலோமியா முடிச்சைப் பிடித்துக் கேப்டனின் மூக்கடியில் நீட்டினாள்.

“படகுக்காரன் போடற முடிச்சா இது? பூட்ஸ் நாடாவுக்குப் போடற வண்ணத்துப்பூச்சி முடிச்சு. இங்க நாடா வச்ச பூட்ஸ் யாரு காலுல இருக்குன்னு பாருங்க.”

கேப்டன் குனிந்து பார்த்தார். முனைவரும் பார்த்தார். அதே இரட்டைக் காதுகள்.

பாதையில் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் லாரி சிக்கி நின்றது. குழாய் பிடித்த இளைஞர்கள் உற்சாகத்தில் அதையும் நனைத்திருந்தார்கள். லாரியிலிருந்து பால்போலச் சுண்ணாம்பு ஒழுகியது. பிளாஸ்டர் பிள்ளைகளுக்கு நடுவே, ரோஜா நரம்பு ஓடிய பளிங்குத் தோளோடு சீமாட்டி தெக்லா நின்றாள். கழுத்தில் துண்டு, உயர்த்திய கையில் ஊதுகொம்பு.

சரியாக அப்போது துணை அமைச்சர் வந்து சேர்ந்தார். எரியும் இதயத்தைப் பார்த்தார். நனைந்த அறிஞரைப் பார்த்தார். கொம்பேந்திய சீமாட்டியிடம் வந்து நின்றார்.

“இது என்ன?”

இயக்குநர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “ஐயா, வரலாற்றின் தொடர்ச்சி!”

“ஆழமான சிந்தனை,” என்றார் துணை அமைச்சர். எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கம்போல எல்லோரும் முடித்த பிறகு கொம்பு ஒருமுறை பூம் என்றது. கேப்டன் விலங்கை முனைவரின் கையில் மாட்டிய சத்தம் அதில் கேட்கவில்லை.

பனாஸ் ஈரக் கயிற்றைப் பிழிந்து, சுருட்டி, படகின் பின்முனையில் பழைய இடத்தில் வைத்தான். சோலோமியா போய் அதன் மேல் உட்கார்ந்தாள்.

“எந்திரி, வேலை முடிஞ்சுது. மோத்ரியா வரேனிகி ஆறிடும்,” என்றார் யூஹிமோவிச்.

“முடியாது. இன்னைக்கு ஒரே ஒரு தடவ இத விட்டு எந்திரிச்சேன். பனாஸ் ஜெயிலுக்குப் போகப் பாத்தான். பானைய இங்க கொண்டாரச் சொல்லுங்க.”